தங்க நானோதண்டுகளில் நச்சு எங்கிருந்து வந்தது? மேற்பூச்சு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

தங்க நானோதுகள்கள் உடலுக்குப் பாதுகாப்பானவையா என்ற கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியாது. அளவு, வடிவம், உள்ளிருக்கும் தங்கம் எதுவும் மாறாமல், மேலே ஒட்டியிருக்கும் மூலக்கூறு மட்டும் மாறினாலே செல் பிழைப்பதும் சாவதும் மாறிவிடுகிறது. இதை மிகத் தெளிவாகக் காட்டியது தங்க நானோதண்டுகளின் நிகழ்வுதான். நச்சு என்று முத்திரை குத்தப்பட்ட ஒரு பொருளில் உண்மையான நச்சு எது என்று படிப்படியாகப் பிரித்துப் பார்த்தார்கள். மேற்பூச்சைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்தத் தேடலில் இருந்து வந்தது.

தண்டு வடிவம் ஏன் தேவைப்பட்டது

உருண்டையான சிறு தங்கத் துகள்கள் ஏறத்தாழ 520 நானோமீட்டர் அலைநீள ஒளியை உறிஞ்சும். கரைசல் சிவப்பாகத் தெரிவதற்கு அதுதான் காரணம். ஆனால் அந்த ஒளியை ரத்தமும் திசுவும் விழுங்கிவிடும். உடலுக்குள் ஆழமாகப் போகாது. சுமார் 650 முதல் 900 நானோமீட்டர் வரையிலான ஒளிதான் திசுவை ஓரளவு ஊடுருவும். துகளைத் தண்டாக நீட்டினால் உறிஞ்சும் அலைநீளம் அந்தப் பக்கம் நகர்கிறது. நீளம் அகலத்தைப் போல நான்கு மடங்கு இருந்தால் 800 நானோமீட்டர் அருகே வந்து நிற்கும். உறிஞ்சிய ஒளி வெப்பமாக மாறும், அந்த வெப்பத்தால் புற்றுசெல்லைக் கொல்லலாம். 2006இல் முஸ்தஃபா எல்-சயீதின் குழு இதை வளர்ப்புச் செல்களில் செய்து காட்டியது. தண்டுகளில் புற்றுசெல்லைத் தேடி ஒட்டும் ஆன்டிபாடியைப் பிணைத்திருந்ததால், நலமான செல்லைக் கொல்லத் தேவைப்பட்ட லேசர் ஆற்றலில் சுமார் பாதியே புற்றுசெல்லுக்குப் போதுமானதாக இருந்தது.

நம்பிக்கை தரும் முடிவுதான். சிக்கல் தண்டைத் தயாரிக்கும் முறையில் இருந்தது.

சிடேப்

தங்கம் தானாகத் தண்டாக வளராது. சிறிய தங்க விதைகளை ஒரு வளர்ப்புக் கரைசலில் இட்டு, பக்கவாட்டில் வளர விடாமல் தடுத்து, முனைகளில் மட்டும் வளர வைக்க வேண்டும். 2001இல் கேத்தரின் மர்ஃபியின் குழுவும், 2003இல் நிகூபக்த், எல்-சயீத் இருவரும் செம்மைப்படுத்திய இந்த முறையில் முக்கிய வேலையைச் செய்வது செட்டைல்ட்ரைமெத்தில்அமோனியம் புரோமைடு. ஆய்வகப் பேச்சில் சிடேப். ஒரு முனையில் நேர்மின்சுமை, மறுபக்கம் 16 கார்பன் நீளத்துக்கு எண்ணெய்த்தன்மை கொண்ட வால். தண்டின் மேல் இது இரட்டை அடுக்காகப் படிந்து, வெளிப்புறத்தை நேர்மின்சுமையுள்ளதாக ஆக்குகிறது. தண்டுகள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு கரைசலில் பிரிந்தே நிற்பது அதனால்தான்.

கிருமிநாசினித் திரவங்களில் வரும் செட்ரிமைடும் இதே குடும்பம்தான். செல்சவ்வைக் குலைத்துத்தான் அது பாக்டீரியாவைக் கொல்கிறது. மனித செல்லின் சவ்வும் கொழுப்பால் ஆனது, அதற்கும் இதிலிருந்து தனிச் சலுகை எதுவும் இல்லை.

அளவையும் பார்க்க வேண்டும். வளர்ப்புக் கரைசலில் சிடேப் ஏறத்தாழ 0.1 மோலார் இருக்கும். கணக்குப் போட்டால் லிட்டருக்கு 36 கிராம். அதே லிட்டரில் சேர்க்கப்படும் தங்கம் வழக்கமாக 0.1 கிராம் அளவுதான். அதாவது எடைப்படி பார்த்தால் தங்கத்தைப் போல முந்நூறு மடங்குக்கு மேல் சிடேப். இப்படிப்பட்ட ஒரு கரைசலைக் கொஞ்சம் கழுவி, செல்லில் ஊற்றி, செல் செத்ததும் 'தங்கத் தண்டு நச்சுள்ளது' என்று எழுதினால் அது எவ்வளவு அவசரமான முடிவு என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடும்.

குற்றவாளியைத் தேடியது எப்படி

2004இல் வின்சென்ட் ரோட்டெல்லோவின் குழு, சுமார் 2 நானோமீட்டர் தங்கத் துகள்களை இரண்டு விதமாகப் பூசிச் சோதித்தது. நேர்மின்சுமை கொண்ட பூச்சு செல்களைப் பாதித்தது. எதிர்மின்சுமை கொண்ட பூச்சு அந்த அளவு பாதிக்கவில்லை. செல்சவ்வின் வெளிப்பரப்பு எதிர்மின்சுமை கொண்டது என்பதால் இது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் இதிலிருந்து 'நேர்மின் என்றால் நச்சு, எதிர்மின் என்றால் பாதுகாப்பு' என்ற எளிய விதி ஒன்று பரவிவிட்டது. சிடேப் தண்டும் நேர்மின்தானே, அதனால்தான் கொல்கிறது என்று பலரும் அத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அதற்கு அடுத்த ஆண்டே வேறு ஒரு தடயம் கிடைத்தது. மர்ஃபியும் மைக்கேல் வயட்டும் சேர்ந்து வெளியிட்ட 2005ஆம் ஆண்டு ஆய்வில், 18 நானோமீட்டர் உருண்டைகளைப் பல பூச்சுகளோடு கே562 என்ற ரத்தப் புற்றுசெல்களில் சோதித்தார்கள். துகள்கள் செல்லுக்குள் போயின. சிடேப் பூசிய துகள்கள்கூட, உபரி சிடேப்பை நன்றாகக் கழுவி நீக்கிய பிறகு, செல்லைக் கொல்லவில்லை. சிடேப்பைத் தனியாகக் கொடுத்தபோது கொன்றது. தங்கத்தோடு ஒட்டியிருக்கும் சிடேப் ஒன்று, நீரில் அலையும் சிடேப் இன்னொன்று என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

முடிவான சோதனை 2009இல் வந்தது. மர்ஃபி, வயட் குழுவில் அலா அல்கிலானி முதன்மை ஆசிரியராக இருந்த ஆய்வு அது. சிடேப் தண்டுக் கரைசலை சென்ட்ரிஃபியூஜில் சுற்றித் தண்டுகளை அடியில் படிய வைத்து, மேலே தெளிந்து நிற்கும் நீரை மட்டும் எடுத்து, எச்டி-29 என்ற பெருங்குடல் புற்றுசெல்களில் விட்டார்கள். தங்கம் நீங்கிய அந்த நீரும், தண்டுகள் இருந்த கரைசலுக்கு ஈடாகவே செல்களைக் கொன்றது.

என் பார்வையில் இந்தத் துறையின் மிக மதிப்புள்ள கட்டுப்பாட்டுச் சோதனை இதுதான். புதிய கருவி எதுவும் வேண்டாம். சென்ட்ரிஃபியூஜ் இருக்கும் எந்த ஆய்வகமும் ஒரு நாளில் செய்துவிடலாம். ஆனால் அதற்கு முன்பும், வருத்தப்பட வேண்டிய விதமாக அதற்குப் பிறகும், இந்தச் சோதனை இல்லாமலேயே நச்சு பற்றிய முடிவுகள் அச்சேறியிருக்கின்றன.

அதே ஆய்வு அந்த எளிய மின்சுமை விதியையும் உடைத்தது. தண்டுகளின் மேல் நேர்மின் பாலிமர் (நீண்ட சங்கிலி மூலக்கூறு) ஒன்றையும், எதிர்மின் பாலிமர் ஒன்றையும் தனித்தனியே சுற்றிப் பார்த்தார்கள். இரண்டிலுமே நச்சு குறைந்தது. நேர்மின் பாலிமர் சுற்றிய தண்டுகள்தான் மிக அதிகமாக செல்லுக்குள் நுழைந்தன, ஒரு செல்லுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல். அத்தனை தங்கத்தைச் சுமந்துகொண்டும் அந்த செல்கள் பெரும்பாலும் உயிரோடிருந்தன. வளர்ப்பு ஊடகத்தில் இருந்த புரதங்கள் எல்லா வகைத் தண்டுகளின் மேலும் படிந்து, அவற்றின் மின்சுமையை ஏறக்குறைய ஒரே மாதிரி ஆக்கியிருந்ததையும் அவர்கள் அளந்து காட்டினார்கள். நாம் குப்பியில் அளந்த சுமையும் செல் சந்திக்கும் சுமையும் ஒன்றல்ல.

கழுவினால் தீராதா?

சிடேப்தான் காரணம் என்றால் கழுவிவிட்டால் போதுமே என்று தோன்றும். அங்கேதான் தண்டு சிக்கவைக்கிறது. தண்டின் மேல் இருக்கும் இரட்டை அடுக்கு நிரந்தரப் பிணைப்பு அல்ல. சுற்றியுள்ள நீரில் இருக்கும் சிடேப்போடு சமநிலையில் இருக்கிறது. நீரில் சிடேப் குறைந்தால் அடுக்கில் இருந்து மூலக்கூறுகள் கழன்று வெளியே வரும். இதற்கு ஒரு கீழ் எல்லை உண்டு: சுமார் 1 மில்லிமோலார், அதாவது சிடேப் மூலக்கூறுகள் தாமாகத் திரளத் தொடங்கும் அளவு. அதற்கும் கீழே அதிகமாக இறங்கினால் தண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், பிறகு பிரிக்க முடியாது. ஒரு தரம் அதிகமாகச் சுற்றினால் உழைத்த உழைப்பு முழுதும் குழாயின் அடியில் கருமையாகப் படிந்துவிடும். குறைவாகக் கழுவினால் நச்சு, அதிகமாகக் கழுவினால் துகளே இல்லை.

கழுவி வைத்த கரைசல் இன்று பாதுகாப்பாக இருந்தாலும், நாளை அடுக்கில் இருந்து கழன்ற சிடேப் மறுபடி நீரில் சேர்ந்திருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. அதனால் தயாரித்த அன்று செய்த நச்சுச் சோதனையை மட்டும் நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. வைத்திருந்து, திரும்ப மேல்நீரை எடுத்துப் பார்க்க வேண்டும்.

சரி, அப்படியென்றால் சிடேப்பை மூடலாம் அல்லது மாற்றலாம். இரண்டையும் முயன்றார்கள்.

மூடும் வழியில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அலெக்சாண்டர் வெய் குழு 2008இல் பாலிஸ்டைரீன்சல்ஃபோனேட் என்ற எதிர்மின் பாலிமரைப் பயன்படுத்தியது. எதிர்மின் பாலிமர் நேர்மின் சிடேப்பின் மேல் போர்த்திக்கொள்ளும், வெளிச்சுமை எதிர்மின்னாக மாறும், அளவிடும் கருவியும் 'பூச்சு ஏறிவிட்டது' என்று சொல்லும். பலர் இங்கே நிறுத்தியிருப்பார்கள். இந்தக் குழு செல்லில் சோதித்தபோது நச்சு இன்னும் இருந்தது. தேடிப் பார்த்ததில், பாலிமரும் சிடேப்பும் சேர்ந்த ஒரு கலவை விடாப்பிடியாக உடன் வருவது தெரிந்தது. சிடேப் ஏறிய பழைய பாலிமரை நீக்கிப் புதிய பாலிமரைத் திரும்பத் திரும்ப மாற்றிய பிறகே நிலைமை மாறியது. சோதித்ததில் மிக உயர்ந்த அளவான மில்லிலிட்டருக்கு 85 மைக்ரோகிராமில்கூட, வெறும் உப்புக் கரைசலோடு ஒப்பிடத்தக்க விளைவுதான். அப்புறம் அவர்களே ஒளிக்காமல் எழுதினார்கள்: சிடேப்பை இழுத்து வெளியேற்ற இந்தப் பாலிமர் நல்லது; ஆனால் சிடேப் போன பிறகு தண்டுகளை நீண்ட நாள் நிலையாக வைத்திருக்க இது போதாது, வேறு உறுதியான பூச்சு வேண்டும். கழுவும் பொருளும் காக்கும் பொருளும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை என்ற இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது.

மாற்றும் வழியில் முன்னணியில் நிற்பது பாலிஎத்திலீன் கிளைக்கால், சுருக்கமாகப் பெக். அதன் ஒரு முனையில் கந்தக அணு கொண்ட தயால் குழுவை வைத்தால், கந்தகம் தங்கத்தை வலுவாகப் பிடித்துக்கொள்ளும். பெக் இழை நீரை விரும்புவது, மின்சுமை இல்லாதது, புரதங்களை எளிதில் ஒட்டவிடாதது. 2006இல் ஜப்பானில் நீதோமே குழு சிடேப் தண்டுகளைப் பெக் தண்டுகளாக மாற்றி எலிகளின் ரத்தநாளத்தில் செலுத்தியது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது பெக் தண்டுகளில் 54 சதவீதம் இன்னும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. சிடேப் தண்டுகளோ பெரும்பாலும் கல்லீரலுக்குப் போய்விட்டிருந்தன. உள்ளே இருந்த தங்கம் மாறவில்லை, அது போய்ச் சேர்ந்த இடம் மாறிவிட்டது.

ஆனாலும் மாற்றம் முழுமையாக நடந்ததா என்று தனியாகப் பார்க்க வேண்டும். தண்டின் பக்கவாட்டில் சிடேப் நெருக்கமாக அடுக்கியிருக்கிறது, முனைகளில் தளர்வாக இருக்கிறது. தயால் மூலக்கூறுகள் முதலில் முனைகளைத்தான் பிடிக்கும். முனைகளில் பெக்கும் பக்கங்களில் பழைய சிடேப்பும் என்ற கலப்பு நிலையில் நின்றுவிட்டால், பெயருக்கு அது பெக் தண்டு, நடத்தையில் இன்னும் சிடேப் தண்டு. பெக் இழைகள் நாற்றங்கால் பயிர் போல நெருங்கி நிற்க வேண்டும். இடைவெளி விட்டால் புரதம் உள்ளே புகுந்து தங்கத்தைத் தொட்டுவிடும். அதனால் ஒரு கட்டுரையில் 'பெக் பூசப்பட்டது' என்று மட்டும் எழுதியிருந்தால் நான் திருப்தி அடைவதில்லை. பரப்பின் ஒவ்வொரு சதுர நானோமீட்டரிலும் எத்தனை இழைகள், மீதி சிடேப் எவ்வளவு என்ற இரண்டு எண்களும் வேண்டும்.

மூன்றாவது ஒரு வழி, தண்டைச் சுற்றிச் சிலிக்கா ஓடு வளர்ப்பது. தங்கத்தின் மேல் சிலிக்காவை ஏற்றும் முறையை லூயிஸ் லிஸ்-மர்சான் 1996இலேயே காட்டியிருந்தார். ஓடு கெட்டியானது, அதன் வெளிப்பரப்பில் வேண்டியதைப் பிணைக்கலாம். ஆனால் அடியில் சிக்கிக்கொண்ட சிடேப்பையும், சிலிக்காவின் நுண்துளைகள் வழியே அது கசிவதையும் கவனிக்க வேண்டும்.

ரத்தத்துக்குள் போனபிறகு

தயாலும் தங்கமும் பிணைந்த பிணைப்பு வலுவானது என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். அது குப்பிக்குள் உண்மை. ரத்தத்தில் சிஸ்டைன் இருக்கிறது, செல்லுக்குள் குளூட்டத்தயோன் 1 முதல் 10 மில்லிமோலார் வரை இருக்கிறது. இரண்டும் கந்தகம் கொண்ட சிறு மூலக்கூறுகள். கூட்டமாக வந்து பெக்கைத் தள்ளிவிட்டுத் தாம் உட்கார்ந்துகொள்ளும். 2012இல் கான்ஸ்டன்டின் சொகொலோவ் குழு இதை நேரடியாகக் காட்டியது. பெக் பூசிய தங்கத் துகள்களில் சிஸ்டைன் பூச்சை இடம்பெயர்த்து, புரதம் படிய வழிவிட்டு, கடைசியில் அந்நியப் பொருட்களை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்களான மேக்ரோஃபேஜ்கள் துகளை விழுங்க வைத்தது. அவர்கள் கண்ட தீர்வு அழகானது: தங்கத்துக்கும் பெக்குக்கும் நடுவே நீரை வெறுக்கும் ஒரு குட்டையான கார்பன் சங்கிலியை வைத்தார்கள். நீரில் கரைந்த சிஸ்டைன் அந்த எண்ணெய்த்தன்மை அடுக்கைத் தாண்டி தங்கத்தை நெருங்க முடியவில்லை. பூச்சு நிலைத்தது, மேக்ரோஃபேஜ் விழுங்குவதும் குறைந்தது.

மேற்பூச்சு வடிவமைப்பில் வெளிமுகத்துக்குத்தான் எல்லோரும் கவனம் கொடுக்கிறார்கள். வேர்ப்பகுதியில், தங்கத்தை ஒட்டிய அந்த ஒரு நானோமீட்டரில்தான் பாதுகாப்பு நிற்கிறதா விழுகிறதா என்பது முடிவாகிறது.

பெக்குக்கு இன்னொரு எல்லையும் உண்டு. அதற்கு எதிரான ஆன்டிபாடிகள் சிலருக்கு முன்பே இருக்கும். முதல் ஊசிக்குப் பிறகு உருவாகவும் செய்யும். அப்படியானால் இரண்டாவது ஊசியில் துகள்கள் ரத்தத்தில் இருந்து விரைவாக அகற்றப்படும். இதனால் ஒரே மூலக்கூறில் நேர், எதிர் இரு சுமைகளும் சமமாக இருக்கும் இருமுனைப் பூச்சுகளில் ஆர்வம் வளர்ந்திருக்கிறது.

தங்கமே காரணமான ஒரு வழக்கு

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் ஆகன் நகரக் குழு 2007இல் ஒரே வகைப் பூச்சு கொண்ட தங்கத்தை வெவ்வேறு அளவுகளில் சோதித்தது. 1.4 நானோமீட்டர் கொத்துகள் செல்களைக் கொன்றன. 15 நானோமீட்டர் துகள்கள், அதைவிட 60 மடங்கு செறிவில்கூடக் கொல்லவில்லை. அந்தப் பூச்சு பாஸ்ஃபீன் வகை, தங்கத்தைத் தளர்வாகவே பிடிப்பது. அது கழன்றால் வினைபுரியும் வெற்றுத் தங்கப் பரப்பு வெளியே தெரியும். செல்லில் ஆக்சிஜனேற்ற அழுத்தம் ஏறி மைட்டோகாண்ட்ரியா கெட்டதை 2009இல் அதே குழு காட்டியது. ஆக, தங்கம் எப்போதும் நிரபராதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இவ்வளவு சிறிய அளவில், பூச்சு எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பது இன்னும் முக்கியமாகிறது.

அதே சிறிய அளவுக்கு ஒரு நன்மையும் இருக்கிறது. சுமார் 5.5 நானோமீட்டருக்குக் கீழே இருக்கும் துகள்களைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றிவிடும். குளூட்டத்தயோனையே பூச்சாகக் கொண்ட மிகச் சிறிய தங்கத் துகள்கள் எலிகளில் சிறுநீர் வழியே பெருமளவு வெளியேறுவதை ஜியே ஜெங் குழு 2011இல் காட்டியது. பெக்கைப் பிடுங்கி எறியும் அந்தக் குளூட்டத்தயோனே இங்கே பூச்சு. தள்ளிவிட வரும் மூலக்கூறே ஏற்கனவே உட்கார்ந்திருந்தால் சண்டைக்கு இடமில்லை.

மனிதர்களிடம்

மனிதச் சோதனைக்குப் போன முக்கியமான தங்கத் துகள்களைப் பார்த்தால் ஒன்று கண்ணில் படுகிறது: அவை சிடேப் இல்லாத தயாரிப்பு முறைகளில் இருந்து வந்தவை. சைட்-6091 என்பது 27 நானோமீட்டர் தங்க உருண்டை. மேலே டிஎன்எஃப் என்ற, புற்றுக்கட்டியைத் தாக்கும் புரதமும் தயால்-பெக்கும். டிஎன்எஃப்பைத் தனியாகச் செலுத்தினால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவு சரியும். 2010இல் வெளியான முதல் கட்டச் சோதனையில், தங்கத்தோடு சேர்த்து டிஎன்எஃப் அளவை உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 600 மைக்ரோகிராம் வரை ஏற்றியும், மேலும் ஏற்றாமல் நிறுத்த வேண்டிய நச்சுவிளைவு வரவில்லை.

நவோமி ஹாலஸும் ஜெனிஃபர் வெஸ்டும் உருவாக்கிய தங்க ஓடுகள் இன்னொரு பாதை. சிலிக்கா கருவின் மேல் மெல்லிய தங்கம், அதற்கு மேல் பெக், மொத்தம் சுமார் 150 நானோமீட்டர். அகச்சிவப்பை ஒட்டிய ஒளியை உறிஞ்ச வேண்டும் என்ற தேவை தண்டுக்கு இருந்ததேதான். அதை வடிவத்தால் சாதிக்காமல் ஓட்டின் தடிமனால் சாதித்தார்கள், சிடேப்பும் தேவைப்படவில்லை. 2019இல் வெளியான ஆய்வில் புராஸ்டேட் புற்றுநோய் கொண்ட 16 பேரில் 15 பேருக்கு இந்த முறையில் லேசர் சிகிச்சை வெற்றிகரமாக முடிந்தது. சாட் மிர்கின் ஆய்வுகளில் இருந்து வந்த என்யு-0129 என்ற மருந்தில் 13 நானோமீட்டர் தங்கத்தைச் சுற்றி ஆர்என்ஏ இழைகள் அடர்த்தியாக நிற்கின்றன. அங்கே மருந்தே மேற்பூச்சு. மூளைப் புற்றுநோய் திரும்ப வந்த 8 நோயாளிகளிடம் செய்த அதன் ஆரம்பச் சோதனை 2021இல் வெளியானது. சிகிச்சையால் வந்த மிகக் கடுமையான நச்சுவிளைவு எதுவும் பதிவாகவில்லை.

தங்கத் தண்டுகளைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தயாரிப்பின் முதல் படியிலேயே நச்சுப்பொருளை முந்நூறு மடங்கு ஊற்றிவிட்டு, பிறகு பத்து ஆண்டுகள் அதை வெளியேற்றப் போராடுவதைவிட, வேறு பாதை இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம் என்றுதான் நினைக்கிறேன்.

பூச்சு போனபின்

சிறுநீரகத்தால் வெளியேறாத தங்கம் கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள மேக்ரோஃபேஜ் செல்களில் தங்குகிறது. அங்கே செல்லின் செரிமானப் பையான லைசோசோமின் அமிலத்திலும் நொதிகளிலும் கரிமப் பூச்சு நாளடைவில் சிதையும். தங்கம் மட்டும் அப்படியே கிடக்கும் என்றுதான் நெடுநாள் நம்பினார்கள். 2020இல் பிரான்ஸில் இருந்து வெளியான ஓர் ஆய்வு, மனிதத் தோலின் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்களில் 4 முதல் 22 நானோமீட்டர் வரையிலான துகள்களை ஆறு மாதம் பின்தொடர்ந்தது. செல்லே உருவாக்கும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் சேர்மங்களால் தங்கம் மெல்லக் கரைந்தது. சிறிய துகள்கள் வேகமாகக் கரைந்தன. கரைந்த தங்கம் மறுபடி மிக நுண்ணிய படிகங்களாக, இதழ் இதழாகப் படிந்தது.

அந்தப் படிவுகள் மருத்துவத்துக்குப் புதியவை அல்ல. முடக்குவாதத்துக்குத் தங்க உப்புகளை ஊசியாகத் தரும் வழக்கம் 1920களின் இறுதியில் ஜாக் ஃபாரெஸ்டியரோடு தொடங்கிப் பல பத்தாண்டுகள் நீடித்தது. அந்த நோயாளிகளின் செல்களில் ஆரோசோம் என்ற பெயரில் இதே போன்ற கட்டமைப்புகள் முன்பே விவரிக்கப்பட்டிருக்கின்றன. தங்க உப்பு எடுத்தவர்களிடம் மருத்துவர்கள் எதைக் கண்காணித்தார்கள் என்பதும் பதிவில் இருக்கிறது: தோல் தடிப்பு, சிறுநீரில் புரதம், ரத்த அணுக்களின் எண்ணிக்கை. உடலில் தங்கிவிடும் அளவுள்ள எந்தத் தங்கத் துகளுக்கும், பூச்சு எதுவானாலும், மனிதச் சோதனையின் நீண்டகாலக் கண்காணிப்பை இந்த மூன்றில் இருந்து தொடங்கலாம்.